போர்முனைக்குப் போன பெற்றோரும் நீதிமன்றில் நின்ற பிள்ளையும்

போர் மூளும்போது அரசுகள் முதலில் எண்ணிப் பார்ப்பவை ஆட்களும் ஆயுதங்களும் ஆகும். படைக்கு அழைக்கப்பட்டவனின் வீட்டு வாடகை என்னாகும், அவன் பட்ட கடன் என்னாகும், அவன்மீது தொடரப்பட்ட வழக்கு என்னாகும் என்னும் கேள்விகள் அதன் பின்னரே எழுகின்றன. இவை யாவற்றுக்கும் பிந்தி எழுந்த கேள்வி ஒன்றுண்டு. மணமுறிவு பெற்ற தாயோ தந்தையோ படைப்பணிக்குச் செல்ல நேர்ந்தால், அவரிடம் வளர்ந்த பிள்ளை யாரிடம் இருத்தல் வேண்டும்? பணி முடித்துத் திரும்பியதும் அப்பிள்ளை மீண்டும் அவரிடம் வந்து சேருமா?

இக்கேள்விக்கு ஐக்கிய அமெரிக்காவின் சட்டம் விடை கண்ட வரலாறு நெடியது. 1864ஆம் ஆண்டில், அந்நாட்டின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் தொடங்கிய சட்டவாக்கம், 2014ஆம் ஆண்டிலேயே பிள்ளையின் பெயரைத் தெளிவாக எழுதிற்று. இடைப்பட்ட காலம் ஒன்றரை நூற்றாண்டு. போரினால் பிள்ளையைப் பிரிந்திருத்தல் யாதென எம் வாசகருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிரிவு நீதிமன்றின் முன் வந்து நின்றபோது சட்டம் எவ்வாறு தடுமாறிற்று, எதனைக் கற்றுக்கொண்டது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரோமர் கண்ட வழி

இச்சிக்கலின் வேரை அறிய வேண்டின் பண்டைய உரோமாபுரிக்குச் செல்லல் வேண்டும். உரோமக் குடும்பத் தலைவனுக்குத் தன் பிள்ளைகள்மீது இருந்த அதிகாரம் அளப்பரியது. அத்தகைய ஒருவன் போரிற் பகைவரிடம் சிறைப்பட்டால், சட்டத்தின் கண்களில் அவன் அடிமையாகிவிடுவான். அடிமைக்குப் பிள்ளைமீது அதிகாரம் ஏது? ஆயினும், நாட்டுக்காகப் போரிட்டுச் சிறைப்பட்டவனின் உரிமையை அடியோடு அழித்துவிட உரோமர் விரும்பவில்லை. அவ்வதிகாரம் அழியாமலும் நடைமுறையில் இல்லாமலும் இடைநடுவே நிற்பதாக அவர்கள் கொண்டனர். சிறைப்பட்டவன் தாய்நாட்டின் எல்லைக்குள் திரும்பி வந்தால் அது மீண்டும் அவனைச் சேரும். இக்கோட்பாட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் போஸ்ட்லிமினியம் என்பதாகும்.

இங்கு கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. பிள்ளைகள்மீதான அதிகாரம் தானாகத் திரும்பி வந்ததேயன்றி, மணவுறவு அவ்வாறு திரும்பவில்லை. அது மீளவும் அமைய வேண்டுமாயின் இருவரின் இசைவும் புதிதாகத் தேவைப்பட்டது. இன்னொருவரின் மனத்தைச் சார்ந்து நிற்கும் உறவை, பூட்டி வைத்த பெட்டியைத் திறப்பதுபோலத் திறந்து எடுத்துக்கொள்ள முடியாது என்பதை உரோமச் சட்ட அறிஞர் உணர்ந்திருந்தனர். ஆனால் பிள்ளைக்கும் மனம் ஒன்றுண்டு என்பது அன்று எவரின் கணக்கிலும் இருக்கவில்லை.

கடனைக் காத்த சட்டம்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1864ஆம் ஆண்டு, காங்கிரஸ் சட்டமொன்றை இயற்றிற்று. போர் காரணமாக வழக்காட இயலாத காலம், வழக்குத் தொடுப்பதற்குரிய காலவரையறையிற் சேர்க்கப்படமாட்டாது என்பதே அதன் சாரம். முதலாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய பின்னர், 1918 மார்ச் மாதத்தில், படைவீரர் மற்றும் கடற்படையினர் குடியியல் நிவாரணச் சட்டம் பிறந்தது. சாட்சியச் சட்டத்தில் பேரறிஞராக விளங்கிய ஜோன் ஹென்றி விக்மோர், அப்போது இராணுவச் சட்டப் பிரிவில் மேஜர் பதவியில் இருந்து இதன் வரைவில் முதன்மைப் பங்கு வகித்தார். போருடன் அச்சட்டம் முடிவுற்றது. இரண்டாம் உலகப் போர் அமெரிக்காவை நெருங்கிய வேளையில், 1940 ஒக்டோபரில், அதே வார்ப்பில் மீண்டும் இயற்றப்பட்டது.

இச்சட்டத்தின் நியாயம் எளிமையானது. நாட்டின் பணியில் இருப்பவன் நீதிமன்றுக்கு வந்து தன் பக்கத்தைச் சொல்ல முடியாது. ஆகவே அவன் இல்லாத வேளையில் அவனுக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கலாகாது, வழக்கை ஒத்திவைக்கலாம், அவனது குடும்பத்தை வாடகை வீட்டிலிருந்து எளிதில் வெளியேற்றலாகாது, ஈட்டுக் கடனுக்காக வீட்டைப் பறித்தலாகாது. கடன், வாடகை, ஈடு, காப்புறுதி, வரி ஆகியவை அனைத்தும் அதில் இடம்பெற்றன. பிள்ளையின் கட்டுக்காப்பு, அதாவது பிள்ளை யாருடைய பொறுப்பில் வளர வேண்டும் என்பது, அதில் ஓரிடத்திலேனும் குறிப்பிடப்படவில்லை.

இது மறதியால் நேர்ந்ததன்று. சட்டம் வரைந்தோரின் மனக்கண்ணில் நின்ற படைவீரன் ஓர் ஆண்மகன். அவன் மணமாகாத இளைஞனாக இருப்பான். மணமானவனாயின் பிள்ளைகளை மனைவி வீட்டில் வளர்ப்பாள். பழைய ஆங்கிலப் பொதுச் சட்டம் பிள்ளைகளைத் தந்தைக்கே உரியவராகக் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நிலை மாறி, மணமுறிவின்போது இளம்பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைப்பதே நீதிமன்றுகளின் வழமையாயிற்று. எனவே, தந்தை கடல் கடந்து போனாலும் பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கும். வழக்கு எழ இடமில்லை.

1943ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றின் முன் வந்த பூன் எதிர் லைட்னர் வழக்கிலுங்கூடப் பிள்ளை ஒன்று உண்டு. ஆனால் அங்கும் பேச்சு பணத்தைப் பற்றியதே. தன் இளவயது மகளின் சொத்துக்குப் பொறுப்பாளராக இருந்த தந்தை ஒருவர் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. தாம் இராணுவப் பணியில் வாஷிங்டனில் இருப்பதால் வழக்கை ஒத்திவைக்குமாறு அவர் கோரினார். கீழ் நீதிமன்று மறுத்தது. உச்ச நீதிமன்று அம்மறுப்பை உறுதி செய்தது. சட்டத்தைப் படையினருக்கு ஆதரவாகத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று கூறிய நீதியரசர் றொபேட் ஜக்சன், ஒத்திவைப்பு கேட்டவுடன் கிடைக்கும் உரிமையன்று என்பதையும் தெளிவுபடுத்தினார். உண்மையில் பணியினால் வர இயலவில்லையா என்பதை நீதிமன்றே ஆராய்ந்து முடிவு செய்யும். பின்னாளில் இச்சட்டம் கேடயமேயன்றி வாளன்று என நீதிமன்றுகள் கூறி வந்தமைக்கும் இதுவே அடிப்படை.

தாய் படையிற் சேர்ந்தபோது

இவ்வமைப்பின் அடித்தளம் பெண்களின் வருகையால் அசையத் தொடங்கிற்று. 1948இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் அமெரிக்கப் படைகளில் பெண்களுக்கு நிரந்தர இடம் கிடைத்தது. ஆனால் தாய்மைக்கு அங்கு இடம் கிடைக்கவில்லை. 1951 ஏப்ரலில் ஜனாதிபதி ட்றூமன் பிறப்பித்த ஆணையின் பிரகாரம், கருவுற்ற பெண்ணையும், பிள்ளை பெற்ற அல்லது பிள்ளையைத் தத்தெடுத்த பெண்ணையும், வயது குறைந்த பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் பெண்ணையும் படையிலிருந்து விலக்கலாம். கணவனின் முந்தைய மணத்துப் பிள்ளை ஆண்டில் முப்பது நாட்களுக்கு மேல் வீட்டில் தங்கினால், அதுவும் விலக்கப் போதிய காரணமாயிற்று. தந்தையராக இருந்த ஆண்களுக்கு இத்தகைய விதி எதுவும் இல்லை.

1970இல் வியட்னாமிற் பணியாற்றிய விமானப்படைத் தாதி ஒருவர் கருவுற்றார். பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிட்டுப் பணியைத் தொடர்வதாக அவர் கூறியும், படை அவரை விலக்க முனைந்தது. அவர் வழக்குத் தொடர்ந்தார். அவருக்காக வாதாடியவர், பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதியரசரான ரூத் பேடர் கின்ஸ்பர்க். 1972இல் உச்ச நீதிமன்று வழக்கை விசாரிக்க ஒப்புக்கொண்டதும், விமானப்படை தன் ஆணையைக் கைவிட்டது; ஆகவே தீர்ப்பின்றியே வழக்கு முடிந்தது. பிள்ளையோ அதற்கு முன்னரே வேறொரு குடும்பத்திடம் சென்றுவிட்டது. 1973இல் கட்டாய ஆட்சேர்ப்பு நின்று படை முழுவதும் தொண்டர்களால் ஆனதாக மாறியபோது பெண்களின் தேவை பெருகிற்று. 1975இல் பாதுகாப்புத் திணைக்களம் கருவுற்றோரைக் கட்டாயமாக விலக்கும் வழமையைக் கைவிட்டது. மறு ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்று ஒன்று, அவ்வாறு விலக்குதல் அரசியலமைப்புக்கு முரண் எனத் தீர்ப்பளித்தது.

அதே காலத்தில் மணமுறிவுகளும் பெருகின. பிள்ளை தாய்க்கோ தந்தைக்கோ உரியது என்ற பழைய விதிகள் மறைந்து, பிள்ளையின் மேலான நலன் யாது என்பதே நீதிமன்றுகளின் ஒரே அளவுகோலாயிற்று. இதன் விளைவாகப் படையில், பிள்ளையைத் தனியே வளர்க்கும் தாய்மாரும் தந்தையரும் உருவாகினர். சட்டம் கனவிலும் காணாத படைவீரர் இவர்கள்.

பாட்டியின் கையில் ஒரு கடதாசி

1990, 1991ஆம் ஆண்டுகளின் வளைகுடாப் போர் இவ்வுண்மையை உலகுக்கு வெளிப்படுத்திற்று. ஏறத்தாழ 40,000 அமெரிக்கப் பெண்கள் அப்போருக்கு அனுப்பப்பட்டனர். கைக்குழந்தையைத் தன் தாயிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறும் பெண் படையினரின் படங்கள் பத்திரிகைகளில் வெளியாகின. 1992 ஜூலையில் பாதுகாப்புத் திணைக்களம், குடும்பப் பராமரிப்புத் திட்டம் தொடர்பான அறிவுறுத்தலை வெளியிட்டது. தனித்துப் பிள்ளை வளர்ப்போரும், கணவன் மனைவி இருவரும் படையில் இருப்போரும், தாம் அனுப்பப்பட்டால் பிள்ளையை யார் பார்ப்பார் என எழுத்தில் தர வேண்டும் என்பது விதியாயிற்று.

பெரும்பாலும் அக்கடதாசியில் பாட்டியின் பெயரே எழுதப்பட்டது. ஆனால் அது படைக்குக் கொடுத்த உறுதிமொழியேயன்றி, நீதிமன்றின் கட்டளையன்று. பிள்ளையின் மற்றப் பெற்றோர் உயிருடன் இருந்து, அவர் தகுதியற்றவர் என நிறுவப்படாதவரை, பாட்டியைவிட அவருக்கே சட்டத்தில் முதலிடம். 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்று ட்றொக்ஸெல் எதிர் கிரான்வில் வழக்கில், தகுதியுள்ள பெற்றோரின் முடிவுக்கு, பேரப்பிள்ளையைப் பார்க்க விழையும் பாட்டன் பாட்டியரின் விருப்பத்தைவிடக் கூடிய மதிப்பளித்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. படைக்குச் சென்றவர் நம்பிக் கொடுத்துச் சென்ற கடதாசி, நீதிமன்றின் வாயிலில் வலுவிழந்தது.

வேறொரு பொறியும் இருந்தது. மாநிலத்துக்கு மாநிலம் பிள்ளைகளைக் கொண்டு சென்று வழக்காடுவதைத் தடுக்கவென 1997இல் வரையப்பட்ட ஒருசீர்ச் சட்டம், பிள்ளை தொடர்ந்து ஆறு மாதம் வாழ்ந்த மாநிலத்தையே அதன் சொந்த மாநிலமாகக் கொண்டது. நல்ல நோக்குடன் எழுந்த விதிதான். ஆனால் படைப்பணியோ ஓராண்டு நீடிக்கும். பாட்டியிடமோ மற்றப் பெற்றோரிடமோ வேறு மாநிலத்துக்குச் சென்ற பிள்ளையின் வாழ்வு அங்கேயே வேரூன்றிவிட்டது என வாதிட அது வாய்ப்பளித்தது.

இரு வழக்குகள்

2001இன் பின்னர் ஆப்கானிஸ்தானுக்கும் ஈராக்குக்கும் அனுப்பப்பட்ட அமெரிக்கப் படையினர் 20 இலட்சத்துக்கும் அதிகமானோர். அவர்களுள், வழக்கமாகச் சிவில் வாழ்வில் இருந்து அழைப்பு வரும்போது மட்டும் பணிக்குச் செல்லும் தேசியக் காவற்படையினரும் சேமப்படையினரும் மிகப் பலர். 2007இல் இராணுவத்தினரின் களப்பணிக் காலம் 12 மாதங்களிலிருந்து 15 மாதங்களாக உயர்த்தப்பட்டு, மறு ஆண்டிலேயே குறைக்கப்பட்டது.

2002இல் அயோவா மாநிலத் தேசியக் காவற்படையைச் சேர்ந்த தந்தை ஒருவர் பணிக்கு அழைக்கப்பட்டார். மணமுறிவுக்குப் பின் அவருடைய இரு பிள்ளைகளும் அவரிடமே வளர்ந்தனர். அவர்களைத் தம் தாயிடம் விட்டுச் செல்ல அவர் ஏற்பாடு செய்தார். பிள்ளைகளின் தாய் நீதிமன்றை நாடினார். வழக்கை ஒத்திவைக்குமாறு தந்தை விடுத்த வேண்டுகோள் பயனளிக்கவில்லை. பிள்ளைகள் தாயிடம் சென்றனர். 2005இல் மாநில உச்ச நீதிமன்று அம்முடிவை உறுதி செய்தது.

2003இல் கென்டக்கி மாநிலத் தேசியக் காவற்படையில் இருந்த தாய் ஒருவர் அழைக்கப்பட்டார். தம் மகளைத் தற்காலிகமாகத் தந்தையிடம் விட அவர் இணங்கினார். அவர் திரும்பி வந்து மகளைக் கேட்டபோது தந்தை மறுத்தார். மகள் அங்கு பழகிவிட்டாள், அவளை மீண்டும் இடம்பெயர்ப்பது அவளுக்கு நல்லதன்று என்பதே வாதம். விசாரணை நீதிமன்று தந்தையின் பக்கம் நின்றது. 2006இல் மாநில உச்ச நீதிமன்றே மகளைத் தாயிடம் சேர்ப்பித்தது. படைப்பணிக்காகச் செய்யப்பட்ட மாற்றம், பணி முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்னும் சட்டத்தை அம்மாநிலம் அதே ஆண்டில் இயற்றியிருந்தது.

இவ்விரு வழக்குகளிலும் நீதிபதிகளைக் கொடியோர் எனக் கொள்வது பிழை. பிள்ளைக்கு நிலையான வாழ்வு வேண்டும் என்பது நியாயமான கொள்கை. அக்கொள்கையே திரும்பி வந்த பெற்றோருக்கு எதிராகத் திரும்பியதுதான் சிக்கல். அதேவேளை, வழக்கை ஒத்திவைத்தால் மட்டும் போதும் என்பதும் விடையன்று. கடனுக்கு ஓராண்டு தவணை கொடுக்கலாம். பிள்ளைக்கு அந்த ஓராண்டில் பாடசாலை உண்டு, காய்ச்சல் உண்டு. வைத்தியரிடம் ஒப்பமிட ஒருவர் வேண்டும். இரவில் அழுதால் தூக்க ஒருவர் வேண்டும். அயோவாப் பிள்ளைகளின் தாயும் அந்நியரல்லர். தந்தை இல்லாதபோது தாயிடம் வளரும் உரிமை அப்பிள்ளைகளுக்கும் உண்டன்றோ?

சட்டம் கற்றுக்கொண்டவை

2003 டிசெம்பரில் பழைய நிவாரணச் சட்டம் புதுப்பிக்கப்பட்டு, உரிய சான்றுகளுடன் விண்ணப்பிக்கும் படையினருக்குக் குறைந்தது 90 நாட்கள் ஒத்திவைப்பு உறுதியாக்கப்பட்டது. 2008 ஜனவரியில், இப்பாதுகாப்புகள் கட்டுக்காப்பு வழக்குகளுக்கும் உரியவை என்னும் சொற்கள் அதில் சேர்க்கப்பட்டன. இது போதாதெனக் கருதிய ஒஹையோ மாநிலக் காங்கிரஸ் உறுப்பினர் மைக் டேர்னர், சமஷ்டிச் சட்டமே நேரடியாகத் தலையிட வேண்டுமெனப் பல ஆண்டுகள் போராடினார். குடும்பச் சட்டம் மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்டது, அதில் வாஷிங்டன் கைவைத்தல் பிள்ளைகளுக்கு நன்மை தராது என்ற எதிர்ப்பு வலுவாக எழுந்தது.

இவ்விழுபறியின் நடுவே, மாநிலங்களுக்குப் பொதுவான சட்ட மாதிரிகளை வரையும் ஒருசீர்ச் சட்ட ஆணைக்குழு, 2012 ஜூலையில், படைப்பணிக்குச் செல்லும் பெற்றோரின் கட்டுக்காப்பு மற்றும் சந்திப்புரிமைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. மறு ஆண்டிலேயே வட கரோலினா, வட டக்கோட்டா உட்படச் சில மாநிலங்கள் அதனை ஏற்றன.

அதன் ஏற்பாடுகள் எளிமையானவை. பணிக்குச் செல்லும் அறிவித்தல் கிடைத்து ஏழு நாட்களுக்குள், இயன்றவரை, மற்றப் பெற்றோருக்கு அறிவித்தல் வேண்டும். இருவரும் இணங்கினால், தற்காலிக ஏற்பாட்டை எழுத்தில் வரைந்து ஒப்பமிடலாம். இணங்காவிடின் நீதிமன்று விரைவாக விசாரிக்கும். தூரத்தில் இருப்பவர் மின்னியல் சாதனங்கள் வழியே சாட்சியமளிக்கலாம். அவர் பணியில் இருக்கும் காலத்தில், அவரது இசைவின்றி நிரந்தரக் கட்டளை பிறப்பித்தலாகாது. பிள்ளையுடன் நெருங்கிய உறவுடைய பாட்டி போன்றோருக்கு, அவர் செலவிடும் நேரத்தைத் தற்காலிகமாக வழங்க நீதிமன்றுக்கு அதிகாரம் உண்டு. பிள்ளையின் வதிவிடம் பணியினால் மாறியதாகக் கொள்ளப்படமாட்டாது. இணக்கம் ஏற்படாதவிடத்து, திரும்பி வந்தவர் அறிவித்தல் கொடுத்து 60 நாட்களில் தற்காலிக ஏற்பாடு முடிவுறும். அதற்கிடையிலும் அவர் பிள்ளையைச் சந்திக்கலாம்.

இறுதியாக, 2014 டிசெம்பரில், சமஷ்டிச் சட்டத்திலும் புதிய பிரிவொன்று சேர்ந்தது. படைப்பணியினால் ஏற்பட்ட பிரிவை மட்டும் காரணமாகக் கொண்டு பிள்ளையின் நலனைத் தீர்மானித்தலாகாது. பணியை மட்டும் காரணமாகக் கொண்டு வழங்கிய தற்காலிகக் கட்டளை, அப்பணிக்குத் தேவையான காலத்துக்கு மேல் நீடித்தலாகாது. பிரிவு ஒரு காரணமாக இருக்கலாம், அதுவே ஒரே காரணமாக இருத்தலாகாது என்ற இந்த நுண்ணிய வரம்பில், பெற்றோரின் நியாயமும் பிள்ளையின் நியாயமும் ஒருவாறு அருகருகே நிற்கின்றன.

எஞ்சி நிற்பது

அந்த 60 நாட்கள் எதற்காக? திரும்பி வந்த அன்றே பிள்ளையைத் தூக்கிச் செல்ல ஏன் சட்டம் இடமளிக்கவில்லை? பெற்றோர் இல்லாத காலத்தில் பிள்ளை வளர்ந்துவிட்டது. மூன்று வயதில் விட்டுச் சென்ற பிள்ளைக்கு இப்போது நான்கரை வயது. புதிய நண்பர், புதிய படுக்கை, வேறொரு குரலில் கேட்ட கதைகள் யாவும் அதற்கு உண்டு. உரோமர், பெற்றோரின் அதிகாரத்தை நிறுத்தி வைத்து மீளக் கொடுத்தனர். இன்றைய சட்டமும் அதனையே செய்கின்றது; ஆனால் பிள்ளையின் காலத்தை நிறுத்தி வைக்க இயலாது என்பதையும் ஏற்றுக்கொண்டு, இடையே ஒரு சிறு பாலம் அமைத்துள்ளது.

இவ்வரலாற்றில் எல்லார்க்கும் பொதுவான பாடம் ஒன்றுண்டு. எக்காரணத்தினாலாயினும் பிள்ளையை இன்னொருவர் பொறுப்பில் விட்டுச் செல்ல நேர்ந்தால், அது தற்காலிகம் என்பதையும், எப்போது முடியும் என்பதையும், இடையில் எவ்வாறு பேசலாம், பார்க்கலாம் என்பதையும் எழுத்தில் வரைந்து, இயன்றால் ஒரு சட்டத்தரணியின் ஆலோசனையுடன் ஒப்பமிட்டு வைத்தல் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிப் போனோரே பெரும்பாலும் நீதிமன்றின் படிகளில் நின்றனர்.

பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று கட்டளையிட நீதிமன்றுக்கு அதிகாரம் உண்டு. ஓராண்டின் பின் வாசலில் வந்து நிற்கும் தாயைக் கண்டு அப்பிள்ளை ஓடி வருமா, அன்றிப் பாட்டியின் பின்னால் ஒளிந்துகொள்ளுமா என்பதைத் தீர்மானிக்க எந்த நீதிமன்றுக்கும் அதிகாரம் இல்லை. சட்டம் கொடுப்பது, மீண்டும் அருகில் இருந்து பழகுவதற்கான அவகாசம். எஞ்சியதைப் பெற்றோரின் பொறுமையே செய்து முடித்தல் வேண்டும்.